உப்பு என்று சொன்ன வாய்

இறால் பண்ணை வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு,

நீங்கள் எல்லாரும் மீன்வளம் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பையில் மீட்டர், போனில் ஆப், பேச்சில் பாதி இங்கிலீஷ். நான் ஏழாம் வகுப்பில் ஃபெயில். மரக்காணம் உப்பளத்தில் அப்பாவோடு சேர்ந்து உப்பு வாரியவன். அங்கிருந்து ஒரு இறால் குட்டைக்குக் காவல் வேலைக்கு வந்தேன். தீனி போட்டு, வலை இழுத்து, அடுத்தவன் செய்வதைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டேன். நான் வேலையை விட்டபோது, எங்கள் ஓடைக்கரையில் என்னைக் கேட்காமல் குட்டையில் குஞ்சு விட்டவர் ஒருவரும் கிடையாது. பெருமைக்குச் சொல்கிறான் கிழவன் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். யாரும் சும்மா கொடுத்ததில்லை, நானே சம்பாதித்தது.

தண்ணீரைச் சோதிப்பது எப்படி, தீனி எவ்வளவு, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் எத்தனை என்பதெல்லாம் உங்களுக்கு யாராவது சொல்லித்தருவார்கள். நான் அதற்குள் போகப் போவதில்லை. குட்டைக்காரர் ஒருத்தர் உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் அவருடைய ஆறு மாசம் தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் என்ன சொல்வது, எதைச் சொல்லக் கூடாது என்பதைப் பற்றித்தான் இது. இந்த விஷயத்தில் நான் பெரிய ஆள். அதே விஷயத்தில்தான் தப்பும் செய்தேன்.

வெண்புள்ளி நோயைப் பற்றிப் படித்திருப்பீர்கள். வைரஸ். மனுஷனை ஒன்றும் செய்யாது. ஆனால் இறாலுக்கு வந்துவிட்டால் மருந்து கிடையாது. ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள், குட்டை காலி. நண்டு சுமந்துகொண்டு வரும், காக்கா தூக்கிக்கொண்டு போய் அடுத்த குட்டையில் போடும், எல்லாவற்றையும்விடத் தண்ணீர் வழியாகப் போகும்.

உப்பளத்தை ஒட்டிக் குட்டை வெட்டிய நமக்கு இதில் ஒரு தனி வம்பு உண்டு. உப்பு வாரிய பிறகு பாத்தியில் ஒரு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். அது கரை வழியாகக் கசிந்து குட்டைக்குள் வந்தால், இறாலின் தலை ஓட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி படியும். அது நோய் இல்லை. அடுத்த முறை ஓடு கழற்றும்போது போய்விடும். ஆனால் பார்ப்பதற்கு நோய்ப் புள்ளி போலவே இருக்கும். ஓட்டை உரித்து வெயிலில் பிடித்தால் இதுவும் வெள்ளை, அதுவும் வெள்ளை.

என் பட்டம் அந்த வெள்ளையில்தான் கிடைத்தது. அப்போது நான் ஒரு பெரிய குட்டையில் தீனி போடுகிறவன். கோடையில் இறால் ஓட்டில் புள்ளி தெரிந்ததும் பண்ணையே அலறியது. ஐஸ் லாரிக்குச் சொல்லியாகிவிட்டது. பாதி வளர்ந்த இறாலை வாரிவிடலாம் என்று வலையோடு ஆட்கள் கரையில் நிற்கிறார்கள். "வாராதீங்க, இது உப்பு" என்றேன். அங்கிருந்த படித்த டெக்னீஷியன், "ஏம்பா, நீ தீனியைப் போடு. வியாதியை நான் பார்த்துக்கறேன்" என்றார்.

நான் செக் ட்ரேயைத் தூக்கினேன். இறால் தீனி தின்கிறதா என்று பார்ப்பதற்காகக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி வைப்போமே, அந்த வலைத்தட்டு. அதில் ஒரு துணுக்குத் தீனி மிச்சமில்லை. தட்டில் இருந்த இறால் ஒவ்வொன்றும் என் மூக்கு உயரத்துக்குத் துள்ளியது. "நோயாளி இப்படித்தான் சோறு தின்பானா சார்?" என்றேன். இரண்டு நாள் பொறுத்தார்கள். இறால் ஓடு கழற்றியது. புது ஓடு கண்ணாடி மாதிரி சுத்தம்.

அன்றிலிருந்து நான் உப்பு டாக்டர். மரக்காணம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி உப்பு டாக்டர் வீடு என்று கேட்டால் ஆட்டோக்காரர் கொண்டுவந்து விடுவார். அப்படிப் பேர்.

பேர் வந்த பிறகு ஒரு பழக்கமும் வந்தது. ட்ரேயைத் தூக்குவதை விட்டுவிட்டேன். கரையில் நின்று ஒரு இறாலை உரித்து வெயிலில் பிடிப்பேன், சொல்வேன், கிளம்புவேன். சுருக்கமாகச் சொன்னால்தான் டாக்டர் என்று ஆகிப்போனது. பல வருஷம் நான் சொன்னது சரியாகவே இருந்தது. ஆபத்தே அதில்தான் இருந்தது.

எங்கள் ஓடையைப் பற்றி நாலு வரி சொல்லிவிடுகிறேன். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் கடல் ஏற்றத்தில் கழிவெளி ஏரி வழியாக ஓடைக்குத் தண்ணீர் ஏறும். அப்போது ஓடைக்கரையில் இருக்கிற ஏழெட்டுக் குட்டைக்காரர்களும் அவரவர் மதகுப் பலகையைத் தூக்கித் தண்ணீர் ஏற்றிக்கொள்வார்கள். மேலே இருப்பவர் வெளியே விடும் தண்ணீர் கடல் இறங்கும்போது கீழே போகும். மறுநாள் ஏற்றத்தில் அதே தண்ணீர் எல்லார் மதகுக்கும் திரும்பி வரும். அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. குட்டையில் வியாதி என்றால் குட்டைக்காரர் தன் மதகில் சிவப்புத் துணி கட்ட வேண்டும். துணியைப் பார்த்தால் மற்றவர்கள் மதகைத் திறக்க மாட்டார்கள். துணியைக் குட்டைக்காரர் மட்டும்தான் கட்டலாம். அடுத்தவர் மதகில் போய்க் கட்டினால் வெட்டுக்குத்து ஆகிவிடும். ஒரு மோசமான வருஷத்தில் எல்லாருடைய குட்டையும் போன பிறகு நாங்களாகவே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு இது. எந்த ஆபீசும் சொல்லித்தந்ததில்லை.

நசீர் பாய் கூனிமேட்டுக்காரர். ஷார்ஜாவில் பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு, இனிமேல் திரும்பிப் போவதில்லை என்று வந்தவர். ஓடையின் மேல்பக்கம் ஒரு குட்டை எடுத்திருந்தார். கையில் இருந்தது முழுக்க அதில்தான். பௌர்ணமிக்கு முதல் நாள் காலையில் போன் செய்தார்.

"டாக்டரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க. வெள்ளையா என்னவோ இருக்குது."

போனேன். ஒரு பிளாஸ்டிக் மக்கில் நாலு இறாலைப் பிடித்து வைத்திருந்தார். நான் ஒன்றை எடுத்து, தலை ஓட்டை உரித்து, சதையைத் தேய்த்துவிட்டு, வெயிலில் பிடித்தேன். புள்ளி இருந்தது. அவருடைய கரைக்கு அந்தப் பக்கம் உப்பளம். போன வாரம்தான் அங்கே உப்பு வாரியிருந்தார்கள். எனக்கு யோசிக்கவே தேவைப்படவில்லை.

"உப்பு பாய். பயப்படாதீங்க."

அந்த மனுஷனின் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். உடனே ஷார்ஜாவில் இருக்கும் தன் மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "டாக்டர் பக்கத்துலதான் இருக்காரு. உப்புதானாம். அல்ஹம்துலில்லா, ஒண்ணும் பயமில்லை" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து மச்சான், "டாக்டருக்கு சலாம் சொல்லு" என்றார். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று.

டீ குடித்துவிட்டுக் கரையோடு நடந்து வண்டிக்குத் திரும்பினேன். பாதி வழியில் தண்ணீர் ஓரத்தில் இரண்டு இறால். பட்டப்பகலில் இறால் ஓரத்துக்கு வராது. வந்தாலும் நிழல் பட்டதும் பாய்ந்து ஓடும். செருப்பு முனையால் தண்ணீரைத் தட்டினேன். மெதுவாக ஒரு சாண் நகர்ந்து நின்றுவிட்டன. எதிர்க்கரையில் மூன்று காக்கா உட்கார்ந்து எதையோ கொத்திக்கொண்டிருந்தன.

அப்போதே திரும்பி நடந்திருந்தால் முப்பது அடி. நசீர் பாய் இன்னும் போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது கேட்டது. அந்த முப்பது அடியை என்னால் நடக்க முடியவில்லை. இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓரத்து இறாலைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சொன்ன வார்த்தை முன்னால் போய்விட்டிருந்தது.

நான் செய்தது இது: அந்த இரண்டு இறாலையும் குனிந்து எடுத்து ஒரு பாலித்தீன் பையில் போட்டேன். ரோட்டோரக் கடையில் ஐஸ் வாங்கி அதோடு சேர்த்துக் கட்டினேன். யாரிடமும் சொல்லாமல் புதுச்சேரி ரோட்டில் இறால் சோதிக்கும் லேபுக்குப் போனேன்.

அந்த லேபில் இருந்தவரின் பேரை எழுத மாட்டேன். எழுத வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். என் மகள் வயசு இருக்கும். முதல் தடவை போனபோது "பாப்பா" என்று கூப்பிட்டேன். "ஐயா, பாப்பான்னு கூப்பிட்டா ரிப்போர்ட் லேட்டா வரும்" என்றார். அதிலிருந்து மேடம். எனக்கு யார் ஆசான் என்று கேட்டால் நான் அவரைத்தான் சொல்வேன். சொல்லித்தர அவர் உட்கார்ந்ததே இல்லை. கேள்வி கேட்பார், அவ்வளவுதான்.

பையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "ட்ரே எப்படி இருந்துச்சு ஐயா?" என்றார்.

நான் மேஜையில் சிந்திய ஐஸ் தண்ணீரைத் துண்டால் துடைத்தேன்.

"பார்க்கலையா?"

"ஓட்டுல பார்த்தேன் மேடம். உப்பு மாதிரிதான் இருந்தது."

"ஓட்டைப் பார்த்தீங்க. இறாலைப் பார்க்கலை." திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். பிறகு, "பி.சி.ஆர். போட்டு நாளைக்கு ரெண்டு மணிக்குச் சொல்றேன். ஓடையில இருக்கிறவங்ககிட்ட இப்பவே சொல்லி வைங்க" என்றார்.

"ரிப்போர்ட் வரட்டும் மேடம். வந்ததும் சொல்லிடறேன்."

"நாளைக்குப் பௌர்ணமி. ஏத்தம் எத்தனை மணிக்கு?"

"பத்து மணிக்குள்ள ஏறிடும்."

"அப்ப உங்க ரிப்போர்ட்டுக்காகத் தண்ணி காத்திருக்குமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும்போது சாயங்காலம். ஓடையின் கீழ்ப்பக்கம் வசந்தாவின் குட்டை. வசந்தா உப்பளத்தில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தவர். தன் இரண்டு நாத்தனார்களோடு சேர்ந்து குட்டையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அது அவர்களுக்கு இரண்டாவது வளர்ப்பு. கோடை வெயிலில் தண்ணீர் வற்றி, உப்பு ஏறிக்கொண்டே போய், மறுநாள் ஏறும் தண்ணீருக்காக நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மதகில் வலை கட்டிக்கொண்டிருந்த வசந்தா என் வண்டியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"அண்ணே, நாளைக்கு ஏத்திக்கலாமில்ல?"

நான் வண்டியை நிறுத்தவில்லை. தலையை ஆட்டினேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. தலையாட்டியது சொன்னதாகாது என்று வீடு வரைக்கும் எனக்கு நானே வாதாடிக்கொண்டு போனேன்.

அன்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரி, "யாரு குட்டையில இன்னா?" என்றாள். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "ஒண்ணுமில்லை, உப்பு" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் நசீர் பாயிடம் போனேன். மனதுக்குள் பேச்சைத் தயார் செய்துகொண்டுதான் போனேன். அவர் கரையில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். குட்டையைப் பார்த்தேன். தண்ணீர் பாதிதான் இருந்தது.

"தண்ணி எங்க பாய்?"

"வெளிய விட்டுட்டேன். நீங்கதானே உப்புன்னு சொன்னீங்க. உப்புத் தண்ணிய வெச்சிக்கிட்டு இன்னா பண்றது? நேத்து சாயந்தரமே பாதிய ஓடையில விட்டாச்சு. இன்னிக்கு ஏத்தத்துல புதுத் தண்ணி ஏத்திட்டா சரியாப் போயிடும்."

அவர் செய்தது சரிதான். உப்பு என்றால் அதைத்தான் செய்ய வேண்டும். நோய் என்றால் ஒரு சொட்டுக்கூட வெளியே விடக் கூடாது. அந்தப் பாதிக் குட்டைத் தண்ணீரும் இப்போது ஓடையில் இருக்கிறது. இன்னும் மூன்று மணி நேரத்தில் எல்லார் மதகு வாசலுக்கும் போய் நிற்கும்.

"பாய், ட்ரே தூக்கிப் பார்த்தீங்களா?"

"அதான் நீங்க நேத்து பார்த்துட்டீங்களே."

நான் பார்க்கவில்லை. கயிற்றைப் பிடித்து இழுத்தேன். முந்தின நாள் மாலைத் தீனி ஊறி உப்பிப்போய் அப்படியே இருந்தது. நடுவில் ஒரு இறால், உடம்பு லேசாகச் சிவந்து, காலை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது. நசீர் பாயும் பார்த்தார்.

"சூடு. தண்ணி வேற கம்மி. அதான் தின்னலை" என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"பாய், துணி கட்டிடுங்க."

"எதுக்கு?"

"வியாதியா இருக்கலாம்."

"இருக்கலாமா?" வாயில் இருந்த பேஸ்ட்டைத் துப்பினார். "நேத்து உப்புன்னு சொன்னது யாரு டாக்டரே, நானா? ரிப்போர்ட் இருக்கா?"

"ரெண்டு மணிக்கு வரும்."

"அப்ப ரெண்டு மணிக்கு வாங்க. நான் துணி கட்டினா அப்புறம் ஒரு வியாபாரி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டான். என் மச்சானுக்கு நீங்க பக்கத்துல நிக்கும்போதுதான் போன் போட்டேன். இன்னிக்கு அவன்கிட்ட இன்னா சொல்றது? நேத்து வந்த டாக்டர் வேற, இன்னிக்கு வந்த டாக்டர் வேறன்னா?"

அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் வண்டியை எடுத்தேன்.

வசந்தாவின் குட்டை மூன்று கிலோமீட்டர். போகிற வழியில் ஓடையைப் பார்த்துக்கொண்டே போனேன். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. சேறு தெரிந்த இடமெல்லாம் மூடிக்கொண்டு, அமைதியாக, பார்க்க அழகாக ஏறிக்கொண்டிருந்தது. வழியிலேயே இரண்டு பொய் தயார் செய்தேன். ஓடையில் எவனோ டீசல் கொட்டிவிட்டான் என்று ஒன்று. மாலை ஏற்றம்தான் நல்ல ஏற்றம் என்று ஒன்று. எதைச் சொன்னாலும் என் பேருக்குச் சேதம் இல்லாமல் மதகு மூடிவிடும்.

போய்ச் சேர்ந்தபோது வசந்தா நாலு பலகையில் இரண்டைத் தூக்கியிருந்தார். தண்ணீர் வலைக்குள் சளசளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. வண்டியை ஸ்டாண்டு போடவில்லை, அப்படியே சாய்த்துவிட்டு ஓடினேன்.

"மூடு வசந்தா. பலகையைப் போடு."

"ஏன்?"

"மூடு, அப்புறம் சொல்றேன்."

"அண்ணே, மீட்டர்ல உப்பு எங்க நிக்குதுன்னு வந்து பாருங்க. இந்த ஏத்தத்தை விட்டா அமாவாசைதான். அதுக்குள்ள என் இறாலு வெந்துடும். ஓடையில துணி எங்கயும் காணோமே. நேத்து நீங்கதானே தலையாட்டினீங்க?"

டீசல் பொய் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சொல்லியிருப்பேன். ஆனால் வசந்தா கெட்டிக்காரி, குனிந்து ஓடைத் தண்ணீரை ஒரு கை அள்ளி மோந்து பார்ப்பார். பார்த்துவிட்டுப் பலகையைப் போட மாட்டார். அதனால்தான் உண்மையைச் சொன்னேன். நல்லவன் என்பதால் இல்லை. பொய் நிற்காது என்பதால்.

"தெரியல வசந்தா."

"இன்னா தெரியல?"

"ஒரு குட்டையில வெள்ளை பார்த்தேன். உப்புன்னு சொல்லிட்டேன். அது உப்பா வியாதியான்னு எனக்குத் தெரியல. அந்தத் தண்ணி ஓடையில இருக்குது. ரெண்டு மணிக்குத்தான் ரிப்போர்ட்."

வசந்தா என்னை மேலும் கீழும் பார்த்தார். அடுத்த பக்கம் வலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெரிய நாத்தனார், "உப்பு டாக்டருக்கே தெரியலையா?" என்றார், யாரையும் கேட்காத மாதிரி.

"இத்தனை வருஷத்துல உங்க வாயில இந்த வார்த்தை வந்ததே இல்லையேண்ணே" என்றார் வசந்தா. கேலியாகத்தான் ஆரம்பித்தார். சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது. பலகையைக் கையால் கூடப் போடவில்லை. காலால் மிதித்து இறக்கினார். ஒன்று, அடுத்து இரண்டாவது.

அதோடு விடவில்லை. போனை எடுத்து எங்கள் ஓடைக்காரர்கள் வாட்ஸப் குரூப்பில் குரல் பதிவு போட்டார். என் எதிரிலேயே. "எல்லாரும் கேட்டுக்கோங்க. ஓடைத் தண்ணியில சந்தேகம் இருக்குதாம். உப்பு டாக்டருக்கே ஒண்ணும் தெரியலையாம். மதகை மூடுங்க, மதகை மூடுங்க." இரண்டு தடவை அனுப்பினார். குரூப்பில் ஒருத்தர் கேட்டார்: "நிஜமாவே டாக்டர் அப்படிச் சொன்னாரா?" அடுத்தவர்: "அவரே தெரியலைன்னா விஷயம் பெருசு." பத்து மணிக்குள் ஓடையில் ஒரு மதகும் திறந்திருக்கவில்லை.

சரியாக இருந்த வருஷங்களில் நான் சொன்ன எந்த வார்த்தையும் ஓடை முழுவதையும் அவ்வளவு சீக்கிரம் மூட வைத்ததில்லை. அந்த அளவில் அதுவும் என் பேருக்கு இருந்த மரியாதைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு மணிக்கு மேல் ஓடைக்கரையோடு மேலே போனேன். நசீர் பாயின் மதகில் சிவப்பாக ஏதோ தெரிந்தது. கிட்டே போனேன். ஷார்ஜாவில் வாங்கிய டி-சர்ட், இரண்டு கையையும் மதகுக் கம்பியில் முடிச்சுப் போட்டிருந்தது. அவர் கரையில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தார். தண்ணீர் ஓரத்தில் இப்போது இரண்டு இறால் இல்லை. கரை நெடுக இருந்தது.

"வசந்தாம்மா மெசேஜ் கேட்டேன்" என்றார். "என் பேரை நீங்க சொல்லலை. நானே சொல்லிட்டேன் குரூப்ல."

இரண்டு மணிக்கு மேடம் போன் செய்தார். "பாசிட்டிவ் ஐயா. மதகெல்லாம்?" என்றார். "மூடியாச்சு மேடம்" என்றேன். "நல்லது" என்று வைத்துவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் தகுதியானவன் இல்லை என்று எனக்குத் தெரியும்.

நசீர் பாயின் குட்டையில் இருந்ததை வீச்சுவலை போட்டு வாரினோம். விரல் நீளம்கூட வராத இறால். மீதித் தண்ணீரில் பிளீச்சிங் பவுடர் போட்டு, ஒரு சொட்டு வெளியே விடாமல், அவர் அதைக் காத்துக்கொண்டு கிடந்தார். நானும் கூட நின்று பவுடர் கரைத்தேன். கண் எரிந்தது. அவர் என்னோடு பேசவில்லை, போகச் சொல்லவும் இல்லை.

என் பயம் அதோடு முடியவில்லை. வசந்தாவின் குட்டைக்குள் இரண்டு பலகைத் தண்ணீர் கால் மணி நேரம் இறங்கியிருந்தது. அது போதும். அதற்கு அடுத்த பத்து நாள் நான் இருந்த இருப்பு என் எதிரிக்கும் வேண்டாம். தினமும் காலையில் அவர் கரையில் போய் நிற்பேன். தீனியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். ஏரேட்டரை நிறுத்தவே விடவில்லை. உப்பு ஏறிக்கொண்டே இருந்தது. வெயிலில் கொஞ்சம் இறால் செத்தது. ஒவ்வொரு செத்த இறாலையும் கையில் வாங்கி, இது வெயிலா அதுவா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். முன்பென்றால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். இப்போது எல்லாவற்றையும் ஐஸில் போட்டு மேடத்துக்கு அனுப்பினேன்.

"தினமும் வந்து நிக்கிறீங்களே, எங்க மேல அவ்ளோ பாசமா?" என்பார் சின்ன நாத்தனார்.

"பாசமில்லடி, பயம்" என்பார் வசந்தா.

பத்தாம் நாளும் ரிப்போர்ட் நெகட்டிவ்தான் வந்தது. ட்ரேயைத் தூக்கினால் காலி. அமாவாசைக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். அறுவடை அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவுதான். ஆனால் வந்தது.

ஊரில் இந்தக் கதையை எப்படிச் சொல்கிறார்கள் தெரியுமா? உப்பு டாக்டர் ரிப்போர்ட் வருவதற்கு முன்பே கண்டுபிடித்து ஓடையைக் காப்பாற்றினார் என்று. நானும் ரொம்ப நாள் மறுத்துச் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் உங்களுக்கு நேராகச் சொல்கிறேன். முதல் நாள் காலையிலேயே நான் ட்ரேயைத் தூக்கியிருந்தால், நசீர் பாய் தண்ணீரை வெளியே விட்டிருக்க மாட்டார். ஓடை சுத்தமாக இருந்திருக்கும். வசந்தா பௌர்ணமிக்கே நிம்மதியாகத் தண்ணீர் ஏற்றியிருப்பார். நசீர் பாயின் இறால் எப்படியும் போயிருக்கும், அதை யாராலும் தடுத்திருக்க முடியாது. ஆனால் மற்றதெல்லாம் நான் நடக்காத அந்த முப்பது அடி.

தப்பாகச் சொல்வது பெரிய குற்றமில்லை, தம்பி தங்கைகளே. இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்வோம். சொன்ன பிறகு ஒரு அடையாளம் கண்ணில் படும். அப்போது திரும்பி நடக்கிறோமா, வண்டியை எடுக்கிறோமா என்பதுதான் விஷயம். உங்களில் சிலர் அந்த நேரத்தில், இன்னும் உறுதியாகவில்லையே, ரிப்போர்ட் வரட்டுமே என்பீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். அது ஜாக்கிரதை மாதிரி தெரியும். உள்ளே தோண்டிப் பார்த்தால் வெட்கம்தான் இருக்கும்.

நசீர் பாய் ஷார்ஜாவுக்குத் திரும்பிப் போனார். இரண்டு வருஷம் கழித்து வந்து, அதே குட்டையில் மறுபடி குஞ்சு விட்டார். விட்டதாக என்னிடம் சொல்லவில்லை, வேறு ஆள் சொல்லித்தான் தெரியும். ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"டாக்டரே, கொஞ்சம் வந்துட்டுப் போங்க."

போனேன். முழங்கால் வலி அப்போதே ஆரம்பித்துவிட்டது, கரையில் ஏறவே நேரமானது. அவர் கையில் மக் இல்லை. நான் பக்கத்தில் போனதும் உள்ளங்கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாயைத் திறக்காதீங்க. முதல்ல இது."

கயிற்றை அவரே இழுத்தார். ட்ரே மேலே வந்தது. காலி. மூன்று நாலு இறால் துள்ளின, ஒன்று என் சட்டையில் பட்டுக் கீழே விழுந்தது. ஓட்டில் லேசாக வெள்ளை இருந்தது. அந்தப் பக்கம் உப்பளத்தில் அந்த வாரம் உப்பு வாரியிருந்தார்கள்.

நான் குனிந்து அந்த இறாலை எடுத்தேன். கரை ஓரமாகக் குட்டையைச் சுற்றி நடந்தேன். முழுச் சுற்று. நசீர் பாய் பின்னாலேயே வந்தார். புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றோம்.

"இப்ப சொல்லுங்க" என்றார்.

"உப்பு மாதிரிதான் தெரியுது பாய்" என்றேன். "ஐஸ் இருக்கா?"

அவர் ஏற்கெனவே பெட்டியில் போட்டு வைத்திருந்தார்.